ஒளியில்லா ஒளிவட்டம்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

ஒளிவட்டம் என்றவுடன் இறையுருவங்களின் தலைக்குப் பின்னே திகழும் வட்டமே நம் நினைவுக்கு வருகிறது. 'ஹேலோ' என்னும் வானியற் கலைச்சொல்லுக்கும் இதனையே வழங்கி வருகிறோம். ஆனால், இன்றைய வானியலார் அச்சொல்லால் பெரும்பாலும் குறிப்பதோ ஒளியே இல்லாத பொருள். வட்டமும் அன்று, உருண்டையை ஒத்தது. சொல் தன் பொருளையே மறுத்து நிற்குமிடத்தில் அதன் வரலாற்றை ஆராய்தல் மொழியியலார் கடனாகிறது.

1933இல் சுவிட்சர்லாந்து நாட்டவரான ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தை ஆராய்ந்தார். கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே இருப்பின் அக்கொத்து என்றோ சிதறியிருக்க வேண்டும். புலப்படாத கரும்பொருள் உளதென ஜெர்மன் மொழியில் எழுதினார். அவர் கணக்கிட்ட அளவு மிகையென்பது பின்னர்த் தெரிந்தது, கருத்து நிலைத்தது.

1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆந்திரமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். கதிரவனைவிட்டு விலகுந்தோறும் கோள்கள் மெல்லச் சுற்றுகின்றன. ஆந்திரமீடாவின் வெளிப்புறத்திலோ வேகம் அவ்வாறு குறையவில்லை. 1973இல் ஆஸ்திரைக்கரும் பீபிள்சும் சில நூறு புள்ளிகளை மட்டுமே கொண்ட கணினிக் கணக்கால், தட்டையான மண்டலம் நிலைபெறப் பெருநிறையுள்ள 'ஹேலோ' ஒன்று சூழ்ந்திருத்தல் வேண்டும் என்றனர். அதற்கு முன்னர் அச்சொல், பால்வீதியைச் சூழ்ந்து அருகிப் பரந்த முதிய விண்மீன்களையே சுட்டியது. ஒளியுள்ளதைச் சுட்டிய சொல் ஒளியற்றதற்கும் பெயராயிற்று. நாம் மொழிபெயர்த்தது பழம்பொருளை.

1978இல் சைமன் வைட்டும் மார்ட்டின் ரீசும் தந்த விளக்கமே திருப்புமுனை என்பது நம் கருத்து. முதலில் கரும்பொருள் ஈர்ப்பால் திரள்கிறது. சிறியவை இணைந்து பெரியவையாகின்றன. அவற்றுள் விழும் வளிமம் ஒளியை உமிழ்ந்து குளிர்ந்து நடுவே படிந்து விண்மீன்களாகிறது. கரும்பொருளுக்கு அவ்வாறு குளிரும் வழியில்லை. எனவே அது பரந்தே கிடக்கிறது.

உறவு ஒருவழிப்பட்டதன்று. நடுவில் குவியும் வளிமம் கரும்பொருளையும் உள்ளிழுக்கிறது என 1986இல் கணக்கிடப்பட்டது. சிறிய மண்டலங்களிலோ விண்மீன் வெடிப்புகள் வளிமத்தைத் திடுமென வெளியேற்ற, பிடி தளர்ந்து நடுவிலுள்ள கரும்பொருள் விரிவடையக்கூடும். பெரியவற்றில் மையக் கருந்துளை உமிழும் ஆற்றல் வளிமம் குளிர்வதைத் தடுக்கிறது என்பது பலர் கொள்கை. ஆதலின், ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி கதிரவன் நிறையுடையவற்றிலேயே விண்மீனாக்கம் மிகச் சிறக்கிறது; நம் பால்வீதி இவ்வளவினது. அங்குங்கூட, பங்குக்குரிய இயல்பான பொருளில் ஐந்தில் ஒரு கூறளவே விண்மீனாகிறது.

'ஹேலோ' என்பதன் கிரேக்க மூலம் போரடிக்கும் களத்தைக் குறித்தது. மாடுகள் சுற்றிவரும் அவ்வட்டத்தின் ஒப்புமையால் திங்களைச் சூழும் வளையத்துக்கும் ஆயிற்று. அதனைப் பரிவேடம் என்பது நம் மரபு. வளிமம் வந்து குவியும் இடத்துக்குக் களம் எத்துணைப் பொருத்தம்! போர்க்களம் நினைவுக்கு வருமே எனச் சிலர் தடை கூறுவர். அடைமொழி அதனைத் தீர்க்கும். முதிய விண்மீன்கள் பரந்த பகுதிக்கு ஒளிவட்டம் என்பதே இருக்கட்டும். கரும்பொருளுக்குக் 'கருங்களம்' என்பதைப் பாடநூலார் கருதிப் பார்க்கலாம்.