மொன்றியலை வந்தடையாத கப்பல்



ஆகஸ்ட் இறுதியில் டோர்வல் விமான நிலையத்தின் வருகை வாயிலில் நின்றால் நம்மவர் குடும்பங்கள் பலவற்றைக் காணலாம். ஊரில் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் பார்த்துவிட்டு, பாடசாலை தொடங்குமுன் திரும்பும் பிள்ளைகள். பெட்டிகளுக்குள் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும். 1939 இல், இதே பருவத்தில், இத்தகைய குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மொன்றியலை நோக்கிப் புறப்பட்ட கப்பல் 'அத்தீனியா'.

கிளாஸ்கோ, பெல்ஃபாஸ்ட், லிவர்பூல் ஆகிய துறைமுகங்களில் 1,100க்கும் மேற்பட்ட பயணிகள் ஏறினர். முன்னரே கனடாவில் குடியேறி, பிறந்தகத்துக்கு விடுமுறையில் சென்று மீண்டவர்கள் ஒருபுறம். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி ஐரோப்பாவை விட்டு வெளியேறிய யூதர்கள் மறுபுறம். செப்டெம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரித்தானியா போர் அறிவித்தது. அன்றிரவு உணவு வேளையில், அயர்லாந்துக்கு வடமேற்கே, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் யு-30 ஏவிய டொர்பிடோ அத்தீனியாவைத் தாக்கியது.

கப்பல் உடனே மூழ்கவில்லை. மறுநாள் முற்பகல் வரை மிதந்தது. படகுகளுக்கும் குறைவில்லை. ஆயினும் பெண்களையும் சிறுவர்களையும் முதலில் இறக்கியதில் குடும்பங்கள் சிதறின. தந்தை ஒரு படகில், தாய் மற்றொன்றில், பிள்ளை வேறொன்றில் என இருளில் அலைந்தனர். மிகக் கொடியது மீட்பின்போதே நேர்ந்தது. நோர்வே நாட்டுக் கப்பலான 'க்னூட் நெல்சன்' அருகே ஒதுங்கிய படகொன்று, அக்கப்பலின் சுழலும் விசிறியில் சிக்கி நொறுங்கியது. அதிலிருந்தோரில் பலர் மாண்டனர். மொத்தத்தில் இறந்தோர் 110க்கும் அதிகம்.

உயிர் தப்பியோரை மீட்ட கப்பல்கள் வெவ்வேறு திசைகளில் சென்றன: சிலர் அயர்லாந்தின் கால்வேயில், சிலர் ஸ்கொட்லாந்தில், சிலர் ஹலிஃபக்ஸில் கரையேறினர். தன் பிள்ளை உயிருடன் உள்ளதா என்பதையறிய ஒரு கடலுக்கு அப்பாலிருந்து செய்தி வரவேண்டியிருந்தது. ஹமில்டன் நகரின் பத்து வயதுச் சிறுமி மார்கரெட் ஹேவர்த், வெடிப்பில் தலையில் காயமுற்று, மீட்புக் கப்பலிலேயே உயிர்நீத்தாள். அவள் காயமுற்ற நாளில் கனடா இன்னும் போர் அறிவிக்கவில்லை. அது செப்டெம்பர் 10 இல்தான்.

ஜெர்மனி பழியை மறுத்தது. சேர்ச்சிலே கப்பலை மூழ்கடித்தார் என்று அந்நாட்டு ஏடு எழுதியது. யு-30 இன் நாட்குறிப்பில் அந்நாளுக்குரிய பக்கம் மாற்றப்பட்டது. மாலுமிகள் மௌனம் காக்கச் சத்தியம் செய்விக்கப்பட்டனர். அவர்களுள் காயமுற்று ஐஸ்லாந்தில் இறக்கப்பட்ட அடோல்ஃப் ஷ்மிட் என்பவர் பின்னர் கனடாவில் போர்க் கைதியானார். அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலமே 1946 இல் நியூரெம்பேர்க் நீதிமன்றில் அப்பொய்யை உடைத்த சான்றுகளில் ஒன்று. தாளில் அழித்ததை ஒரு மாலுமியின் நினைவு மீட்டது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை அங்குள்ள மீனவர்கள் மீட்டனர். அவர்களுட் பலர் மொன்றியலுக்கே வந்து சேர்ந்தனர். அந்த மனிதர்களுக்கு இன்று வயது ஐம்பதையும் அறுபதையும் தாண்டிவிட்டது. அப்படகில் இருந்த ஒருவரேனும் இதனை வாசித்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்களுடன் யார் இருந்தார்கள், என்ன உண்டீர்கள், இரவில் என்ன பேசினீர்கள் என்பதை, நினைவில் உள்ளவாறே, இவ்வாரமே எழுதத் தொடங்குங்கள்.