ஐந்து தடவை சுட்ட டேசர்

டேசரை எப்போ சுடலாம்ங்கிற விதி எப்படி மாறுச்சு? இன்னைக்கு அந்தக் கதை.

2007 அக்டோபர், கனடாவின் வான்கூவர் விமான நிலையம். அம்மாவோடு வாழ போலந்திலிருந்து வந்த ராபர்ட் ஜெகான்ஸ்கி, ஆங்கிலம் தெரியாம சுமார் பத்து மணி நேரம் உள்ளேயே மாட்டிக்கிட்டார். வெளியே காத்திருந்த அம்மா, மகன் அங்கே இல்லைன்னு சொன்னதை நம்பி ஊர் திரும்பிட்டாங்க. களைச்சுப்போனவர் கிடைச்சதை எல்லாம் எறிய ஆரம்பிச்சார். நாலு போலீஸ் வந்தாங்க. அப்போ அவர் கையில் இருந்தது ஒரு ஸ்டேப்ளர். ஆமாங்க, பேப்பர் குத்துற அதேதான்! அரை நிமிஷத்துக்குள்ள டேசர். மொத்தம் ஐந்து தடவை. அங்கேயே இறந்துட்டார்.

போலீஸ் சொன்னதும் ஒரு பயணி எடுத்த வீடியோவும் ஒத்துப்போகல. விசாரிச்ச முன்னாள் நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட், 2009 அறிக்கையில் விதியையே மாத்தச் சொன்னார்: முரண்டு பிடிச்சா மட்டும் போதாது, ஒருத்தர் உடல் காயம் ஏற்படுத்தினாலோ, உடனே ஏற்படுத்தப் போறார்னாலோதான் சுடலாம். கோட் எழுதுற எனக்கு இது ஒரே ஒரு இஃப் கண்டிஷன். ஆனா பழைய கண்டிஷன்ல எத்தனை பேர் வேணா சிக்கலாம்.

2010 ஏப்ரலில் கனடாவின் தேசிய போலீஸான ஆர்.சி.எம்.பி. அந்த அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுச்சு. அவங்க டேசர் விதியை இறுக்கினது அடுத்த மாசம்.