மாணிக்கமும் ஸ்பினலும்: ஒரு நிறம், இரு கற்கள்

செந்நிறம் கொண்டு ஒளிவிடும் மணிகளையெல்லாம் மாணிக்கம் என்றே அழைப்பது பல நாடுகளிலும் இருந்து வந்த வழக்கம். நிறம் ஒன்றையே நம்பிப் பெயரிட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து மன்னரின் மணிமுடியே சான்றாகும். அதன் முன்புறச் சிலுவையில் பதிந்துள்ள பெரிய சிவப்புக் கல்லுக்குக் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர். ஏறத்தாழ 170 காரட் எடையுள்ள அது மாணிக்கம் அன்று. ஸ்பினல் என்னும் வேறொரு கனிமம்.

1367ஆம் ஆண்டு ஸ்பெயினில் நாஹெரா என்னுமிடத்தில் நடந்த போரில் தமக்குத் துணை நின்ற இங்கிலாந்து இளவரசர் எட்வர்டுக்கு, காஸ்தீல் மன்னர் பெத்ரோ இக்கல்லைக் கைம்மாறாக அளித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. 1649இல் முடியாட்சி ஒழிந்தபோது அரச அணிகள் விலைபோயின. முடியாட்சி மீண்டபின் இக்கல்லும் அரண்மனைக்குத் திரும்பியது. இவ்வளவு காலமும் ஐரோப்பியர் அதை மாணிக்க இனத்திலேயே வைத்து எண்ணினர்.

கீழ்நாட்டார் இதில் முந்திக்கொண்டனர். பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி, மாணிக்கத்தை 'யாகூத்' என்றும், பதக்‌ஷான் மலைநாட்டுச் செங்கல்லை 'லஅல்' என்றும் பிரித்துக் கூறினார். மணிகளின் எடையை நீரின் துணைகொண்டு ஒப்பிட்டவரும் அவரே. மொகலாய மன்னர்கள் லஅலைப் பெரிதும் விரும்பி, அதில் தம் பெயர்களைப் பொறித்தனர். ஜஹாங்கீர், ஷாஜஹான் முதலியோர் பெயர் தாங்கி, 350 காரட்டுக்கு மேல் எடையுள்ள 'தைமூர் மாணிக்கம்' 1849இல் லாகூரிலிருந்து ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அதுவும் ஸ்பினலே!

இம்மயக்கத்திற்குக் காரணம் உண்டு. பர்மாவின் மொகோக் பகுதியில் இரு கற்களும் ஒரே சலவைக்கல் பாறையில் விளைகின்றன. மாணிக்கம் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. ஸ்பினலில் இவற்றோடு மக்னீசியமும் கூடுகிறது. இரண்டிலும் சிறிதளவு கலந்துள்ள குரோமியமே செந்நிறத்தைத் தருகிறது. சாயம் ஒன்று, துணி வேறு என்க.

இனி, இவற்றின் குணங்களை ஒப்பிட்டுக் காண்போம். கடின அளவில் மாணிக்கம் 9, ஸ்பினல் 8. ஆகவே மாணிக்கம் ஸ்பினலைக் கீறும். ஸ்பினலால் மாணிக்கத்தைக் கீற இயலாது. மாணிக்கம் நீரைப்போல் 4 மடங்கு கனமுடையது, ஸ்பினல் 3.6 மடங்கு. 4 காரட் மாணிக்கத்தை நீரில் மூழ்கவைத்து நிறுத்தால் 3 காரட் காட்டும். அதே எடையுள்ள ஸ்பினல் ஏறத்தாழ 2.9 காரட்டே காட்டும். தராசும் ஒரு கோப்பை நீரும் போதும்; ஆர்க்கிமிடீஸ் தத்துவம் கற்ற மாணவனும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆனால் முடியில் பதித்த கல்லைப் பெயர்த்து நிறுப்பது எப்படி? கீறிப் பார்ப்பதோ கல்லைக் கெடுப்பதாகும். இங்குதான் ஒளி உதவுகிறது. ஸ்பினலின் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அமைந்தவை. ஆதலால் எத்திசையில் சென்றாலும் ஒளி ஒரே வேகத்தில் செல்லும். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.718. மாணிக்கமோ நுழையும் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. எனவே அதற்கு 1.762, 1.770 என இரு எண்கள் உண்டு. இருநிறங்காட்டி என்னும் சிறு குழல் வழியே, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், மாணிக்கத்தில் ஊதா கலந்த சிவப்பும் செம்மஞ்சள் கலந்த சிவப்பும் அருகருகே தோன்றும். ஸ்பினலில் இரு கட்டங்களும் ஒரே சிவப்பாய் நிற்கும்.

ஐரோப்பாவில் இவ்விரண்டையும் தெளிவுறப் பிரித்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லீல். மாணிக்கப் படிகம் அறுகோண அமைப்பு உடையது. ஸ்பினலோ இரு கூம்புகளை அடியோடு அடி பொருத்தினாற்போன்ற எண்முகம் உடையது. இவ்வாறு படிக வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு அவர் 1783இல் இவ்வேறுபாட்டை நிலைநாட்டினார்.

அதனால் ஸ்பினல் போலியாகி விடுமா? இல்லை. அதுவும் இயற்கை ஈன்ற நன்மணியே. பிழை பெயரிட்டவர் கண்ணில் இருந்ததேயன்றிக் கல்லில் இல்லை. மேலும் ஒரு விந்தை: கறுப்பு இளவரசரின் கல்லில், கோத்து அணிவதற்காக முன்னொரு காலத்தில் இட்ட துளை ஒன்று உண்டு. அதன் மேல்வாயை அடைத்திருப்பது ஒரு சிறு கல். அதுதான் மெய்யான மாணிக்கம்!