வீட்டுக்கு விலை உண்டு, காத்திருந்த ஆண்டுகளுக்கு?



ஜூரோங்கில் ஒரு குழிப்பந்துத் திடல் இருந்தது நினைவிருக்கிறதா? கோலாலம்பூர்-சிங்கப்பூர் அதிவேக ரயில் நிலையத்திற்காக அந்த மன்றத்தின் நிலம் எடுக்கப்படும் என்று 2015-ல் அறிவிப்பு வந்தது. 2017-ல் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப்பின் முறை வந்தது. இரண்டு மன்றங்களும் காலி செய்துவிட்டுப் போயின. ரயில்தான் வரவில்லை. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்துபோனது. சிங்கப்பூர் செய்த செலவுக்காக மலேசியா 102.8 மில்லியன் வெள்ளி இழப்பீடு கொடுத்தது.

அரசாங்கத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் இழப்பீட்டுக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. குடியிருக்கும் வீட்டை ரயிலுக்காக விட்டுக்கொடுக்கும் குடும்பத்தின் கணக்கு எப்படி? இதற்கு விடை தேடினால் ரயில் பிறந்த நாடான இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. லண்டனின் கேம்டன் வட்டாரத்தில் மட்டும் இந்தக் கதை மூன்று முறை நடந்திருக்கிறது.

முதல் முறை 1830-களில். லண்டனையும் பர்மிங்ஹாமையும் இணைக்கும் பாதை 1837-ல் யூஸ்டனில் வந்து நின்றது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ரயில் நிறுவனமும் நாடாளுமன்றத்தில் தனித்தனியாகச் சட்டம் வாங்கிக்கொண்டுதான் நிலத்தை எடுத்தது. 1845-ல் இதற்கெல்லாம் பொதுவான ஒரு சட்டம் வந்தது. நில உரிமையாளருக்கு நிலத்தின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். விருப்பமில்லாதவரிடம் கட்டாயமாக வாங்குவதால், அதற்கு மேல் 10 விழுக்காடு சேர்த்துக் கொடுப்பதும் வழக்கமாகிப்போனது. நில உடைமையாளர்கள் நிறைந்த நாடாளுமன்றம் அல்லவா, தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளத் தவறவில்லை.

வீடு தன் பெயரில் இல்லாதவரின் நிலைதான் பரிதாபம். யூஸ்டனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஏகார் டவுன் என்ற ஏழைகளின் குடியிருப்பு இருந்தது. செயிண்ட் பேங்க்ரஸ் ரயில் நிலையம் கட்டுவதற்காக 1860-களில் அதை இடித்தார்கள். நிலையம் 1868-ல் திறக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் வார வாடகைக்காரர்கள். ஒரு வார முன்னறிவிப்பு கொடுத்தால் போதும், அவர்களுடைய உரிமை அதோடு முடிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பணம் வாங்கினார்கள். குடியிருந்தவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருக்களில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள்.

யாருமே இதைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் 1853 முதல், எத்தனை தொழிலாளர் வீடுகளை இடிக்கப்போகிறோம் என்று ரயில் நிறுவனங்கள் நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் கணக்குக் காட்டினால் போதும், மாற்று வீடு கொடுக்க வேண்டியதில்லை! மாற்று வீடு பற்றிய விதி 1874-ல்தான் வந்தது. அந்தக் கணக்குகளைப் பிற்காலத்தில் கூட்டிப்பார்த்த வரலாற்றாசிரியர் டயஸ், 1853 முதல் 1901 வரை லண்டனில் ஏறத்தாழ 76,000 பேர் இப்படி வெளியேற்றப்பட்டதாக மதிப்பிட்டார். நிறுவனங்கள் தாங்களே எழுதிக்கொடுத்த கணக்கு அது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிறகு சட்டம் மெல்ல மெல்ல மாறியது. 1919-ல் அந்தக் கூடுதல் 10 விழுக்காட்டை எடுத்துவிட்டு, வெறும் சந்தை விலை என்று ஆக்கினார்கள். 1973-ல், வீட்டை இழக்கும் மனவேதனைக்கும் ஒரு தொகை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது. வாடகைக்கு இருந்தவருக்கும் அதில் பங்கு கிடைத்தது.

அதே 1973-ல் சிங்கப்பூர் எதிர்த் திசையில் போனது ஒரு வேடிக்கை. நிலம் எடுக்கும் நாளின் விலையா, 1973 நவம்பர் 30-ஆம் தேதியின் விலையா, இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு என்று நம் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தேதியைப் பிற்பாடு சில முறை மாற்றினார்கள். முழுச் சந்தை விலை என்பது 2007 திருத்தத்தில்தான் வந்தது. வீடமைப்புப் பேட்டைகளும் சாலைகளும் அந்தக் குறைந்த விலையால்தான் அவ்வளவு வேகமாக எழுந்தன என்பார்கள். உண்மைதான். கம்பத்து வீட்டை இழந்தவர் அந்த வேகத்துக்குக் கொடுத்த பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி மூன்றாவது கதை. லண்டனிலிருந்து வடக்கே போகும் எச்.எஸ்.2 அதிவேகப் பாதையின் திட்டம் 2010 மார்ச்சில் வெளியானது. வரைபடத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். ஒரு செங்கல்லைக்கூட யாரும் பெயர்க்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த வீடுகளை வாங்க ஆள் இல்லை. வேலை மாற்றலாகிப் போகிறவர், மணமுறிவு ஏற்பட்டவர், வயதாகி மாடிப்படி ஏற முடியாதவர் என எல்லாரும் விற்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. வீட்டை எடுக்கும்போது, ரயில் திட்டமே இல்லாவிட்டால் என்ன விலை போகுமோ அந்த விலையைக் கொடுப்பார்கள். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் வீட்டுக்காரருக்கு நட்டம் தொடங்குவது கோடு போட்ட அன்றைக்கே. சம்பந்தப்பட்டவருக்குப் பணம் வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதிலும் கோட்டுக்கு நேர் கீழே உள்ள வீட்டுக்காரர் ஒருவகையில் பிழைத்துக்கொள்வார். 200 மீட்டர் தள்ளி இருப்பவரின் வீட்டை யாரும் எடுக்கப்போவதில்லை, யாரும் வாங்கப்போவதுமில்லை.

மிகவும் கஷ்டப்படுபவர்களின் வீடுகளை மட்டும் வாங்கிக்கொள்ள 2010-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். உங்கள் கஷ்டம் பெரிய கஷ்டம்தான் என்று விண்ணப்பத்தில் நிரூபிக்க வேண்டும்! இழப்பீடு பற்றி அரசாங்கம் மக்களிடம் கருத்துக் கேட்ட விதத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அது நியாயமற்றது, சட்டத்துக்குப் புறம்பானது என்று 2013 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று தீர்ப்பான மற்ற வழக்குகளில் எல்லாம் அரசாங்கம்தான் வென்றது. தோற்றது இந்த ஒன்றில் மட்டும்.

அதன் பிறகே நிபந்தனைகள் கொஞ்சம் தளர்ந்தன. பாதையிலிருந்து 120 முதல் 300 மீட்டருக்குள் இருந்த கிராமப்புற வீட்டுக்காரர்களுக்கு, தூரத்தைப் பொறுத்து 7,500 முதல் 22,500 பவுண்டு வரை கொடுக்க முன்வந்தார்கள். நகரத்து வீடுகளுக்கு அது கிடையாது. ஆண்டுக்கணக்கில் இடிபாட்டுத் தூசியிலும் இரைச்சலிலும் குடியிருந்த கேம்டன் மக்கள் இதைக் கேட்டு எப்படிக் கொதித்திருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். யூஸ்டன் அருகே ரீஜண்ட்ஸ் பார்க் பேட்டையில் இடிக்கப்பட்ட நகரமன்ற அடுக்குமாடிகளின் வாடகைதாரர்களுக்கு அதே பேட்டையிலேயே மாற்று வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். ஏகார் டவுன் இருந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான் அது. அந்தத் தூரத்தைக் கடக்கச் சட்டத்துக்கு 150 ஆண்டுகள் பிடித்தன.

வடக்கே மெக்ஸ்பரோ என்ற ஊரில் நடந்தது வேறு மாதிரி. அங்கே ஷிம்மர் என்ற புத்தம்புதிய வீடமைப்புப் பேட்டை எழுந்துகொண்டிருந்தது. 2016-ல் பாதையை மாற்றி வரைந்தபோது கோடு அந்தப் பேட்டையின் நடுவே போனது. வீட்டுக் கடனில் முதல் சில தவணைகளையே கட்டியிருந்த இளம் குடும்பங்களின் வீடுகள் இடிபடும் பட்டியலில் சேர்ந்தன. சிலர் அரசாங்கத்திடம் விற்றுவிட்டுப் போனார்கள், சிலர் பொறுத்துப் பார்த்தார்கள். 2021 நவம்பரில் லீட்ஸ் போகும் அந்தக் கிளைப் பாதையே கைவிடப்பட்டது. 2023 அக்டோபரில் மான்செஸ்டர் பாதையையும் ரத்துசெய்வதாக அன்றைய பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார்.

வேண்டாத வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் அங்கே விதி இருக்கிறது. 1954-ல் கிரிச்செல் டவுன் என்ற இடத்து நிலத் தகராறு ஓர் அமைச்சரையே பதவி விலக வைத்தது. அதையொட்டி வந்த விதிப்படி, அரசாங்கத்துக்குத் தேவைப்படாத நிலத்தை முதலில் பழைய உரிமையாளருக்கே விற்க முன்வர வேண்டும். ஆனால் அன்று கொடுத்த விலைக்கு அல்ல, இன்றைய சந்தை விலைக்கு. லீட்ஸ் பாதைக்காக நிலத்தின் மீது போட்டிருந்த கட்டுப்பாட்டை 2025-ல்தான் நீக்கினார்கள். வீட்டை விற்றுவிட்டு வேறு ஊரில் வேறு கடன் கட்டிக்கொண்டிருப்பவர், தன் பழைய வாசற்படியை மறுபடி மிதிக்க வேண்டுமானால் முதலில் வங்கிக்குப் போக வேண்டும்.