கோல்கொண்டின் கைப்பிடிகள்

திருவண்ணாமலை என்றதும் அருணாசலம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே குறிப்பிடப்படுவது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் கோயில்கொண்டிருக்கும் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே திரளும் இவ்வூர்ப் பக்கமும், இராஜபாளையம் செல்லும் வழியிலும் எழும் புதிய வீடுகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. பூவேலைப்பாடுகள் மறைந்து, வெறுஞ்சுவரும் ஒற்றை நிறத் தரையும் கோடு போன்ற கைப்பிடிகளும் இடம்பிடிக்கின்றன. எளிமையும் இன்று கடையில் விலை கேட்டு வாங்கும் பொருளாகிவிட்டது. அந்த எளிமை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது.

இப்பகுதியின் பழைய வீடுகளில் தேர்வு என்ற பேச்சுக்கே அதிக இடமில்லை. சுண்ணாம்புக் காரை, நாட்டு ஓடு, மர உத்தரம், சுவரில் ஒரு விளக்கு மாடம், கதவுக்கு நாதாங்கி; இவ்வளவே. இராஜபாளையத்துத் தொழில்முனைவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் முயற்சியால் 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் உருவாகி, 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகே ஆலை இயங்கத் தொடங்கியது. அந்தத் தலைமுறையில் சிமெண்ட் கைக்கெட்டும் பொருளாயிற்று. ஓட்டுக்கூரை இருந்த இடத்தில் கான்கிரீட் தளம் வந்தது. வசதி பெருகியது, வெயிலும் வீட்டுக்குள் இறங்கியது.

ஆனால் கான்கிரீட்டைக் கொண்டே வெயிலை வெளியில் நிறுத்தலாம் என்பது அதற்கும் முன்பே புதுச்சேரியில் நிறுவப்பட்டிருந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான கோல்கொண்ட் அதற்குச் சான்று. ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் கிடைத்த நன்கொடையின் நினைவாகக் கோல்கொண்டாக் கோட்டையின் பெயரே பிரெஞ்சு ஒலிப்பில் கட்டடத்துக்கு அமைந்தது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் பணிக்காக ஃபிராங்க் லாய்ட் ரைட்டுடன் ஜப்பான் சென்று, அங்கேயே தொழில் நடத்தியவர். அவருடைய அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நாகஷிமா, ஃபிரான்டிசெக் சாமர் ஆகியோர் புதுச்சேரிக்கு வந்து பணியை முன்னெடுத்தனர். நாகஷிமா ஆசிரமவாசியாகவே ஆகி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். 1937இல் தொடங்கிய வேலை, உலகப் போரும் குறுக்கிட, 1940களில்தான் முழுமை பெற்றது.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. அவற்றில் சாளரத்துக்குப் பதிலாகத் திருப்பி வைக்கத்தக்க கிடைமட்டத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. அறைக்கும் நடைகூடத்துக்கும் இடையே தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவு. கதவை மூடினாலும் காற்று தடையின்றிக் குறுக்கே செல்லும். கூரை இரட்டையானது: தட்டையான தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று. வெயிலை மேலோடு ஏற்கிறது. அறைக்கு அது எளிதில் இறங்குவதில்லை. தரையில் மெருகேற்றிய கருநிறக் கடப்பைக் கல். அறைகளுக்கான தேக்கு மரச்சாமான்களை நாகஷிமா வடிவமைத்தார். இவற்றில் எதுவும் அழகுக்காக ஒட்டப்பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. அழகு அதன் விளைவாக வருகிறது.

எளிமையின் பொருளைச் சொல்வதற்கு மிகப் பொருத்தமானவை இக்கட்டடத்தின் பித்தளைப் பொருத்துகள். கைப்பிடி முதலானவை கடையில் வாங்கப்படவில்லை. அன்பர்கள் அளித்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி, பணியிடத்திலேயே வார்த்தனர். சமையலறையில் புழங்கிய உலோகம் கதவில் வந்து அமர்ந்தது. ஒப்பந்ததாரரின் அவசரம் இல்லை. ஆசிரமவாசிகளே வேலையில் இறங்கினர். கைப்பிடி விரலுக்கு இதமாக இருக்கிறதா என்று பார்த்துச் செய்யும் பொறுமை அங்கே இருந்தது.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. பாட்டி புளியிட்டுத் தேய்த்த குடமும் அண்டாவும் எடைக்குப் போகின்றன. அதே வாரத்தில் பித்தளை நிறம் பூசிய குழாய் ஒன்று அட்டைப்பெட்டியில் வீடு வந்து சேர்கிறது. ஒன்று தலைமுறைகளைக் கடந்தது. மற்றது பூச்சு உரியும்வரை பளபளக்கும். பொருத்துகளுக்குப் பார்த்துப் பார்த்துச் செலவிடும் குடும்பம், மேற்கு வெயில் நேரே விழும் சுவரில் பெரிய கண்ணாடியை நிறுத்தி, பிறகு குளிர்சாதனத்துக்கு மின்கட்டணம் கட்டுகிறது. தோற்றம் எளிமையாகவும் வாழ்க்கை செலவு மிக்கதாகவும் ஆவது இப்படித்தான்.

கோல்கொண்டைக் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்ளவும் வேண்டியதில்லை. அதன் தகடுகளுக்குத் தேர்ந்த பொருள் கல்நார் கலந்த சிமெண்ட். அந்நாளில் அது நெருப்புக்கும் மழைக்கும் அஞ்சாத நவீனப் பொருள். கல்நார் இழை நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை இன்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. அதை அறுப்பதும் உடைப்பதும் தொழிலாளிக்கு ஆபத்து. இன்று அதே தகட்டை மரத்திலோ வேறு பொருளிலோ செய்துகொள்ளலாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அக்கட்டடத்தின் கேள்விகளை: காற்று எங்கிருந்து வருகிறது, வெயில் எங்கே விழுகிறது, இந்தப் பொருளைச் செய்தவர் யார், பழுதானால் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் இதைச் சீராக்க முடியுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வீடு கட்டுகிறவருக்கு இக்கேள்விகளுக்கான விடையில் பாதி, தம் தெருவிலேயே எஞ்சி நிற்கும் ஓட்டு வீட்டில் கிடைக்கும். மீதியைக் கொத்தனாரோடு மனையில் நின்று பேசிக் கண்டுகொள்ளலாம். கைப்பிடியின் வடிவத்தை அதற்குப் பிறகு முடிவு செய்தால் போதும்.