பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் வாலிபர் கூட்டம் வளர்ந்த கதை

பெங்களூருத் தமிழ்ச் சபைகளில் வாலிபர் கூட்டத்துக்கு ஏறக்குறைய ஒரே ஒழுங்குதான் உண்டு. பாட்டு, ஜெபம், வேதப்பகுதி, அதன்மேல் பேச்சு, வினாடி வினா, ஒரு விளையாட்டு, கடைசியில் அடுத்த மாத வேலைகளுக்கான பங்கீடு. பாட்டும் ஜெபமும் வேதவாசிப்பும் சபை அளவுக்குப் பழையவை. மற்றவை 1880-களுக்குப் பின் ஒவ்வொன்றாக வெவ்வேறு இயக்கங்களின் வழியே வந்து ஒட்டிக்கொண்டவை.

1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது சென்னை ராணுவத்தின் படைப்பிரிவுகளோடு தமிழர்களும் வந்தனர். சிப்பாய்கள், சமையற்காரர்கள், வண்டிக்காரர்கள், கடைக்காரர்கள் எனப் பிளாக்பள்ளியைச் சுற்றி (இன்றைய சிவாஜிநகர்) ஒரு தமிழ்க் குடியிருப்பு உருவாயிற்று. லண்டன் மிஷன் 1820-இல் இங்கே வேலையைத் தொடங்கியது. கொல்லத்தில் பிறந்த சாமுவேல் பிளேவெல் அதன் தமிழ் ஊழியர்களில் முக்கியமானவர். பின்னர் வெஸ்லியன் மிஷனும் ஆங்கிலிக்கன் மிஷனும் தத்தம் தமிழ்ச் சபைகளை வளர்த்தன. மிஷன்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் ஓய்வுநாள் பள்ளியும் நடத்தின. பெரியவர்களுக்கு ஆராதனையும் சபைச் சங்கமும் இருந்தன. ஓய்வுநாள் பள்ளியை முடித்து, இன்னும் கல்யாணம் ஆகாத பதினைந்து, இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சபையில் தனியாக வேலை எதுவும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பதே அவர்களுடைய பங்கு.

இந்த இடைவெளி பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் வில்லிஸ்டன் சபையின் ஆயர் பிரான்சிஸ் கிளார்க் 1881 பிப்ரவரி 2-ஆம் தேதி தம் சபை வாலிபர்களை வீட்டுக்கு அழைத்து ஒரு சங்கம் அமைத்தார். அதுவே கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தின் தொடக்கம். அதற்கு முன்பும் வாலிபருக்கான சங்கங்கள் இருந்தன. 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. அவற்றில் பெரியது. ஆனால் அது சபைக்கு வெளியே நின்றது. கிளார்க்கின் சங்கம் ஒவ்வொரு சபைக்குள்ளும் நடப்பது, அந்தச் சபை வாலிபர்களே நடத்துவது.

அதன் உள்ளமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இன்றைய வாலிபர் கூட்டத்தின் எலும்புக்கூடு அதுவே. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். வாராந்தரக் கூட்டத்துக்குத் தவறாமல் வரவேண்டும். வந்தால் பாடுவதோடு நிறுத்தாமல் வேறொரு பங்கும் எடுக்க வேண்டும். ஒரு வசனமோ சிறு ஜெபமோ இரண்டு வாக்கியச் சாட்சியோ போதும். மாதம் ஒருமுறை பிரதிஷ்டைக் கூட்டம். அதில் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் எழுந்து பதில் சொல்ல வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பையனும் இதிலிருந்து தப்ப முடியாது. யோவான் 11:35 போன்ற மிகச் சிறிய வசனங்களுக்கு இத்தகைய கூட்டங்களில் எப்போதும் கிராக்கி இருப்பதில் வியப்பில்லை. புதியவர்களைக் கவனிக்க ஒரு குழு, ஜெபக் கூட்டத்துக்கு ஒரு குழு, விருந்துக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரு குழு என வேலை பிரிந்திருந்தது. கூட்டத் தலைமையும் சுற்றில் வரும். மேடையிலிருந்து பேசுகிறவரைக் கேட்டுப் பழகிய சபையில் இது பெரிய மாற்றம். ஆயர் பின்னால் உட்கார, பதினெட்டு வயதுப் பையன் கூட்டம் நடத்தினான்.

இந்தியாவில் அமெரிக்க மதுரை மிஷன் போன்ற, சபையாட்சி (காங்கிரிகேஷனல்) மரபிலிருந்து வந்த மிஷன்களில் இந்த இயக்கம் எளிதாக வேர்விட்டது. 1909-இல் உலகக் கிறிஸ்தவ முயற்சி மாநாடு ஆக்ராவில் கூடியது. அமெரிக்க மெதடிஸ்டுகள் 1889-இல் இதே நோக்கில் எப்வொர்த் லீக் என்ற தங்கள் சொந்த வாலிபர் அமைப்பை உண்டாக்கினர். 1870-களில் வில்லியம் டெய்லரின் எழுப்புதல் கூட்டங்களின் பயனாக அவர்களுக்குப் பெங்களூரிலும் சபை ஏற்பட்டிருந்தது.

விளையாட்டு வேறு வழியாக வந்தது. 1909-இல் பெங்களூரின் பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளியில் தொடங்கிய சாரணர் படையே இந்தியாவின் முதலாவது என்பர். தொடக்கத்தில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும் உரியது. அடுத்த தெருவிலிருந்த தமிழ்ப் பையன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். அவனுக்குக் கிடைத்தது ஒய்.எம்.சி.ஏ. விளையாட்டு. கூடைப்பந்து 1891-இலும் கைப்பந்து 1895-இலும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர்கள் உருவாக்கியவை. ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளி தென்னிந்தியா முழுவதற்கும் பயிற்சியாளர்களைத் தயாரித்தது. சபைகளில் நிலைத்தது கைப்பந்துதான். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, கோவில் காம்பவுண்டில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். பன்னிரண்டு பேர் ஆடலாம், நாற்பது பேர் சத்தம் போடலாம். ஓய்வுநாளில் பந்து தொடுவதைப் பல மூப்பர்கள் பொறுக்கவில்லை.

பாட்டு பழையது என்றாலும் வாலிபர் கையில் அது வேறு வடிவம் எடுத்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபின் கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகள் அனைத்துக்கும் பொதுச் சொத்து. ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்து பின்னர் ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றிய எச். ஏ. பாப்லி, காலட்சேப முறையில் பாட்டும் பேச்சும் கலந்த பிரசங்கத்தைப் பரப்பினார். இந்திய இசை பற்றி 1921-இல் நூலும் எழுதினார். கன்டோன்மென்டிலோ இந்தக் கீர்த்தனை மரபோடு ஆங்கிலச் சபைகளின் கிறிஸ்துமஸ் கேரலும் கலந்தது. இன்று டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் இல்லாத வாலிபர் சங்கம் அரிது. தெருவாரியாகப் பட்டியல் போடுவதற்கே ஒரு கூட்டம் கூடும். டெம்போவில் டிரம், கிடார், சிவப்பு அங்கியில் கிறிஸ்துமஸ் தாத்தா. ஒரு வீட்டில் இரண்டு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். கேக்கும் முறுக்கும் தந்து காணிக்கை உறையை நீட்டுவார்கள். பட்டியலில் விட்டுப்போன வீட்டாரின் கோபம் ஜனவரி வரை இருக்கும். அந்த உறைகளே பல சங்கங்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு என்பதால், கேரல் பக்தி முயற்சியாக இருக்கும் அளவுக்கு வரவுசெலவு முயற்சியும்தான்.

கோடையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் இறக்குமதியே. நியூயார்க்கில் விடுமுறையில் தெருவில் திரியும் பிள்ளைகளுக்காக ராபர்ட் போவில் 1901-இல் அதை ஓர் இயக்கமாக்கினார். பெயரளவில் அது சிறுவர் நிகழ்ச்சி; நடைமுறையில் வாலிபர் நிகழ்ச்சி. செய்கைப்பாட்டு சொல்லித்தருவது, கதை சொல்வது, காகித வேலை செய்விப்பது, மனப்பாட வசனம் கேட்பது, முடிவு நாள் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேரைப் பத்து நாள் கட்டிமேய்ப்பவருக்கு வேறு தலைமைப் பயிற்சி தேவையில்லை.

பேச்சும் விவாதமும் வலுப்பெற்றதற்குப் பெங்களூரின் நிறுவனங்களே காரணம். 1910-இல் ஐக்கிய இறையியல் கல்லூரி இங்கே தொடங்கியது. தமிழ் வேதாகமத் திருத்தத்தில் பெரும்பங்கு கொண்ட டேனிஷ் அறிஞர் எல். பி. லார்சன் அதன் தொடக்ககால முதல்வர். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-இல் செராம்பூரில் பிறந்து, பின்னாளில் தன் தலைமையகத்தைப் பெங்களூரு மிஷன் சாலையில் வைத்துக்கொண்டது. 1952-இல் உலகக் கிறிஸ்தவ வாலிபர் மாநாடு கோட்டயத்தில் கூடியபோது, சமூக நீதி, புதிய நாட்டைக் கட்டுதல் என்ற பேச்சு தென்னிந்திய வாலிபர்களின் கூடத்துக்கே வந்தது. பி. டி. தேவனந்தன் தலைமையில் 1957-இல் மதம், சமூகம் பற்றிய ஆய்வு நிறுவனமும், எம். ஏ. தாமஸ் முயற்சியால் 1963-இல் ஒயிட்ஃபீல்டில் எக்குமெனிக்கல் கிறிஸ்தவ மையமும் பெங்களூரில் அமைந்தன. மரநிழலும் தங்கும் அறைகளும் கொண்ட ஒயிட்ஃபீல்டு அன்று நகருக்கு வெளியே அமைதியான இடம். ரிட்ரீட் என்றாலே உபவாசமும் பிரசங்கமும் என்றிருந்த நிலை மாறி, குழுவாகப் பிரிந்து விவாதித்து அறிக்கை எழுதும் முகாம் வழக்கமாயிற்று. உடலுழைப்பு முகாமும் இக்காலத்தில் பரவிற்று. சுவிட்சர்லாந்தின் பியர் செரெசோல் 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் வந்து வீடு கட்ட உதவியது அதற்கு நம் நாட்டில் முன்மாதிரி.

கத்தோலிக்கப் பங்குகளில் பாதை வேறு. பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைன் தொழிலாளர் இளைஞருக்காக வகுத்த, பார்த்து ஆராய்ந்து செயல்படும் முறை அங்கே இளையோர் இயக்கங்களின் அடிப்படை. 1967-இல் தமிழரான அமலோர்பவதாஸ் தலைமையில் பெங்களூரில் தொடங்கிய தேசிய மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இந்தியக் கலைவடிவங்களை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தது. சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 திருவிழாவின்போது கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகள் பங்கு இளைஞர்களுக்குரியவை.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், வெஸ்லியன் மெதடிஸ்ட், சபையாட்சி மரபினர் ஒரே கூரையின்கீழ் வந்தனர். பெயர்கள் மாறி வாலிபர் ஐக்கியம் என்பது பொதுப்பெயராயிற்று. உறுதிமொழிக் கையெழுத்து மறைந்தது, குழுக்களும் சுற்றுத் தலைமையும் தங்கின. 1949-இல் கன்டோன்மென்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாயின. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படித்த தலைமுறைக்குத் தமிழ் எழுத்து கோவிலில் மட்டுமே கண்ணில் படும் ஒன்றானது. வசனம் ஒப்புவிக்கும் போட்டி அவர்களில் பலருக்கு மொழிப்பாடமாகவும் இருந்தது. 1990-களுக்குப் பின் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமிருந்து கணினி வேலைக்கு வந்த வாலிபர்கள் இதே சங்கங்களில் சேர்ந்தனர். அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வரும், ஊர் கீர்த்தனை முழுதாகத் தெரியும். இங்கே பிறந்தவர்களுக்குப் பேச்சுத்தமிழ் உண்டு, எழுத்து தடுமாறும். அதனால் பல கூட்டங்களில் பாட்டு வரிகள் திரையில் தமிழிலும் ரோமன் எழுத்திலும் அடுத்தடுத்து வருகின்றன. வேதப்பகுதியைத் தமிழில் வாசித்து, விவாதத்தை ஆங்கிலம் கலந்து நடத்துகிறார்கள்.