ரிப்பன் எரியாத மே மாதம்

கடைசி செமஸ்டர் வைவா முடிந்த மதியம் எங்கள் ஹாஸ்டல் வாசலில் நடந்தது எல்லா இன்ஜினியரிங் காலேஜிலும் நடப்பதுதான். வெள்ளைச் சட்டை, கறுப்பு மார்க்கர், முதுகு முழுக்கக் கையெழுத்து. நாலு வருஷம் ஒரு வார்த்தை பேசாதவன்கூட வந்து “டச்ல இரு மச்சான்” என்று எழுதிவிட்டுப் போனான். சட்டை இன்னும் ஊரில் பீரோவில் இருக்கிறது. அம்மா ஒருமுறை தெரியாமல் துவைச்சுட்டாங்க. பாதி பேர் அழிந்துபோனார்கள்.

போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் இதைவிட ஒரு படி மேலே போகிறார்கள். கடைசித் தேர்வு முடிந்து வெளியே வருபவரைச் சுற்றி நண்பர்கள் கூடி, அவர் போட்டிருக்கும் கறுப்பு கோட், சட்டை, கால்சட்டை எல்லாவற்றையும் கிழித்தெறிகிறார்கள். சட்டையின் காலரும் மணிக்கட்டுப் பட்டியும் டையும் மட்டும் மிஞ்சும். மானத்தை மறைக்க தோளில் இருக்கும் நீளமான கறுப்பு மேலங்கி ஒன்றுதான். அதைச் சுற்றிக்கொண்டு தெருவில் ஓட வேண்டும். இதற்கு ‘ரஷ்கான்சு’ என்று பெயர், ‘கிழிப்பு’ என்று சொல்லலாம். மாணவனாக இருந்ததன் அடையாளம் எல்லாம் கிழிந்துபோக, மேலங்கி மட்டும் மிஞ்சுகிறது. இந்த மேலங்கியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கோயிம்ப்ரா பழைய ஊர். 1290இல் தினிஷ் மன்னர் லிஸ்பனில் தொடங்கிய பல்கலைக்கழகம், அங்கும் இங்குமாக அலைந்து 1537இல் நிரந்தரமாக இங்கே வந்து உட்கார்ந்தது. மலை உச்சியில் மணிக்கூண்டு. வகுப்புக்கு அழைக்கும் மணிக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘ஆடு’. காலையில் கத்தி எழுப்பும் எதற்கும் மாணவர்கள் மரியாதையான பெயர் வைத்ததாக எந்த நாட்டிலும் வரலாறு இல்லை.

இந்த ஊரின் பெரிய பிரிவுபசார விழாவுக்குப் பெயர் ‘கேய்மா தாஷ் ஃபிதாஷ்’, ரிப்பன் எரிப்பு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிறம்: மருத்துவத்துக்கு மஞ்சள், சட்டத்துக்குச் சிவப்பு, இலக்கியத்துக்குக் கருநீலம், மருந்தியலுக்கு ஊதா. அந்த நிற ரிப்பனால்தான் புத்தகக் கட்டைக் கட்டுவார்கள். படிப்பு முடியப்போகிறது, இனிக் கட்டு எதற்கு என்று கொளுத்திவிடுவதுதான் சடங்கின் ஆதி அர்த்தம். இப்போது சடங்கு கொஞ்சம் நகர்ந்துவிட்டது. கடைசி ஆண்டுக்குள் நுழையப்போகிறவர்கள் மெல்லிய ரிப்பனை எரிக்கிறார்கள். எரிக்கும் பாத்திரம் மூத்திரச் சட்டி, பொய் இல்லை. முடித்துப் போகிறவர்கள் தொப்பியும் கைத்தடியுமாக, காகிதப் பூ ஒட்டிய வண்டிகளோடு மலையிலிருந்து ஆற்றங்கரை வரை ஊர்வலம் வருகிறார்கள். அவர்களுடைய அகலமான ரிப்பன்களில் அப்பா, அம்மா, நண்பர்கள், வாத்தியார்கள் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் மார்க்கர் சட்டைக்குப் பணக்கார அண்ணன்.

இதன் முன்னோடிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போர்ச்சுகலில் எதற்கெடுத்தாலும் நூற்றாண்டு விழா கொண்டாடும் பழக்கம் பிடித்துக்கொண்டது. அதைக் கிண்டலடிக்க கோயிம்ப்ரா மாணவர்கள் 1899இல் ‘செபெந்தாவின் நூற்றாண்டு விழா’ எடுத்தார்கள். செபெந்தா என்றால் கைமாறிக் கைமாறி அழுக்கேறிய பாடக் குறிப்பு. நம்ம ஊர் ஜெராக்ஸ் நோட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முழு மரியாதையோடு ஊர்வலம், அலங்கார வண்டி, சொற்பொழிவு! என்னை டிகிரி வாங்க வைத்த அந்த ஜெராக்ஸ் கடைக்கு நாங்கள் ஒரு மாலைகூடப் போடவில்லை.

விழாவின் முதல் இரவுதான் உச்சம். நள்ளிரவில் பழைய தேவாலயமான ஸே வெல்யாவின் படிக்கட்டில் கறுப்பு மேலங்கி அணிந்தவர்கள் கிட்டாரோடு வந்து நிற்பார்கள். சதுக்கம் முழுக்கக் கூட்டம், ஆனால் சத்தமே இருக்காது. கோயிம்ப்ரா ஃபாடோவுக்குக் கைதட்டுவது மரபில்லை. தொண்டையைச் செருமுவதுதான் பாராட்டு. பாடுகிறவர்கள் மரபாக ஆண்கள் மட்டுமே, இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். முடித்துப் போகும் வகுப்பு ஒரு விடைபெறும் பாடல் செய்துவிட்டுப் போகும் வழக்கமும் இருந்தது. 1958இல் மருத்துவ ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக ஃபெர்னாந்து மஷாது சுவாரெஷ் இசையமைத்த பாடல் ஊருக்கே பொதுவான பிரிவுப் பாடலாகிவிட்டது.

இப்படிப்பட்ட விழாவை 1969இல் மாணவர்களே வேண்டாம் என்று சொன்னார்கள். இந்தக் கட்டுரையை நான் எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தான்.

அப்போது போர்ச்சுகலில் சர்வாதிகாரம். நாட்டைப் பல பத்தாண்டுகள் பிடித்து வைத்திருந்த சலாசர் இதே கோயிம்ப்ராவில் படித்து, இங்கேயே பேராசிரியராக இருந்தவர். 1968இல் அவர் உடல்நலம் குன்றி விலக, மார்செலு கயெத்தானு வந்தார். ஆள் மாறினாலும் ரகசியப் போலீஸ் மாறவில்லை. 1961 டிசம்பரில் கோவாவை இந்தியாவிடம் இழந்திருந்தார்கள். அதே வருஷம் அங்கோலாவில் போர் தொடங்கி, அடுத்து கினி, மொசாம்பிக் என்று பரவியிருந்தது. இளைஞர்கள் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். பல்கலைக்கழகத்தில் இருக்கும்வரை ராணுவ அழைப்பைத் தள்ளிப்போடலாம். அங்கே படிப்பு முடிவது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ கிடைக்குமா என்பதுதான் பயம்.

1969 ஏப்ரல் 17. கணிதத் துறையின் புதிய கட்டடத் திறப்பு விழா. குடியரசுத் தலைவர் அமெரிக்கு தொமாஷ் வந்திருக்கிறார். மாணவர் சங்கத் தலைவர், சட்ட மாணவர் ஆல்பெர்த்து மார்ட்டின்ஷ் எழுந்து, மாணவர்கள் சார்பில் பேச அனுமதி கேட்கிறார். அவ்வளவுதான். அடுத்து பொதுப்பணி அமைச்சர் பேசுவார் என்று ஒரு பதில். அமைச்சர் பேசி முடித்ததும் பெரிய மனிதர்கள் எழுந்து போய்விட்டார்கள். மாணவர்கள் உள்ளே புகுந்து தாங்களாகவே இன்னொரு திறப்பு விழா நடத்தினார்கள். அன்றிரவே மார்ட்டின்ஷ் கைதானார்.

பிறகு வகுப்புப் புறக்கணிப்பு. ‘கல்வித் துக்கம்’ என்று அறிவித்தார்கள். துக்க வீட்டில் ஏது விழா? அந்த ஆண்டு மே மாதம் ரிப்பன் எரியவில்லை. ஸே வெல்யா படிக்கட்டில் யாரும் பாடவில்லை. மே 28 அன்று கூடிய பொதுக்கூட்டம் ஒரு படி மேலே போய், தேர்வையே எழுதுவதில்லை என்று முடிவெடுத்தது. ஜூனில் தேர்வு தொடங்கியபோது ஊர் முழுக்கப் போலீஸ். பெரும்பான்மையான மாணவர்கள் தேர்வறைக்குப் போகவில்லை. அதற்குப் பதிலாகத் தெருவில் இறங்கி ஊர்க்காரர்களுக்குப் பூ கொடுத்தார்கள், பலூன் விட்டார்கள்.

கடைசி ஆண்டு மாணவன் ஒருவனை நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஒரு தேர்வை எழுதினால் பட்டம். அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கலாம். எழுதாவிட்டால் ஒரு வருஷம் போகும், கூடவே ராணுவத் தள்ளிவைப்பும் போகலாம். நான் எழுதாமல் இருந்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், முதல் ஆளாக ஹால் டிக்கெட்டோடு போய் நின்றிருப்பேன்.

ஜூன் 22இல் இன்னொரு சம்பவம். மாணவர் சங்கத்தின் கால்பந்து அணியான அக்கடெமிக்கா போர்ச்சுகல் கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது. லிஸ்பன் அருகே தேசிய ஸ்டேடியம், எதிரே பென்ஃபிக்கா. ஆட்டத்தைத் தொலைக்காட்சி காட்டவில்லை, குடியரசுத் தலைவரும் வரவில்லை. அக்கடெமிக்கா வீரர்கள் ஓடி வரவில்லை. கறுப்பு மேலங்கியைத் தோளில் தொங்கவிட்டு மெதுவாக நடந்து மைதானத்துக்குள் வந்தார்கள். கேலரி முழுக்கப் பதாகைகள், துண்டுப் பிரசுரங்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மனுவேல் அந்தோனியு கோல் போட, சில நிமிடங்களில் சிமோயிஷ் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் யூசேபியோ போட்ட கோலில் பென்ஃபிக்கா 2-1 என வென்றது. யூசேபியோ மொசாம்பிக்கில் பிறந்தவர். எந்த மண்ணுக்குப் போரிடப் போக மாட்டோம் என்று பலர் மனதுக்குள் நினைத்தார்களோ, அந்த மண்ணின் பிள்ளை அவர்களைத் தோற்கடித்தார். இதில் எந்த அர்த்தமும் தேட வேண்டியதில்லை, அவர் அவ்வளவு நல்ல ஆட்டக்காரர்.

அக்டோபரில் அரசு கணக்கைத் தீர்த்தது. 49 மாணவர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்தார்கள். கிழிப்பும் இல்லை, ரிப்பனும் இல்லை, வேறு உடுப்பு மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

சர்வாதிகாரம் 1974 ஏப்ரல் 25இல் விழுந்தது. அன்று நள்ளிரவு தாண்டி ராணுவத்தினருக்குச் சமிக்ஞையாக வானொலியில் ஒலித்த பாட்டைப் பாடிய ஜொசே அஃபோன்சு, கோயிம்ப்ராவில் படித்து, ஃபாடோ பாடித்தான் பாடகரானவர். மார்ட்டின்ஷ் பிற்காலத்தில் நீதி அமைச்சரானார். ஆனால் விழா உடனே திரும்பி வரவில்லை. மேலங்கி, சடங்கு, சீனியர் ஜூனியர் மரியாதை எல்லாமே பழைய ஆட்சியின் வாடை அடிப்பவை என்று பலர் நினைத்தார்கள். இன்றும் அந்த ஊரின் சில மாணவர் இல்லங்களில் அந்தச் சடங்குகளுக்கு இடமில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ராகிங்கை மரபு என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

1980இல்தான் ரிப்பன்கள் மறுபடி எரிந்தன. 1969இல் பட்டம் வாங்கியிருக்க வேண்டியவர்களுக்கு அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நாலு வயதிருக்கும். கிட்டத்தட்ட என் வயசு. அந்த இரவு ஸே வெல்யா சதுக்கத்துக்குப் பழைய மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்களில் யாராவது வந்து, பின்வரிசையில் நின்று தொண்டையைச் செருமியிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.